வேகத்துக்குக் கடல் கேட்கும் விலை

நூறு ஆண்டுகளில் எல்லாமே வேகம் பிடித்துவிட்டன. 1907இல் ஆகாய விமானம் சில நிமிடங்கள் பறந்தாலே செய்தி. இன்று அது மணிக்கு 900 கிலோமீட்டரில் கண்டம் தாண்டுகிறது. ரயிலும் காரும் அப்படியே. ஆனால் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ சரக்குப் பெட்டகங்களை அடுக்கிக்கொண்டு வரும் இன்றைய கப்பலைப் பாருங்கள். நடுக்கடலில் அது போகும் வேகம் பொதுவாக மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர்தான். 1909இல் ‘மாரிட்டேனியா’ என்ற பயணிகள் கப்பல் அட்லாண்டிக் கடலை மணிக்கு 48 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் கடந்துவிட்டது.

அந்தச் சாதனையை முறியடிக்க இன்னொரு கப்பலுக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. எஞ்சின்கள் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்ட காலம் அது. அப்படியிருந்தும் ஏன் இத்தனை தாமதம்? பெரிய எஞ்சினைப் பூட்டினால் கப்பல் வேகமாகப் போகாதா?

போகும். ஆனால் கடல் அதற்கு ஒரு விலை கேட்கும். அந்த விலை எவ்வளவு என்பதை மாரிட்டேனியாவின் 28 ஆண்டு வாழ்க்கையை வைத்தே கணக்குப் பார்த்துவிடலாம்.

ஓர் அரசாங்கம் கொடுத்த கடன்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்லாண்டிக்கின் வேகக் கப்பல்கள் ஜெர்மனியுடையவை. 1897இல் வந்த ‘கைசர் வில்ஹெல்ம் டெர் குரோஸ’ தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு புகைபோக்கிக் கப்பல்கள் பிரிட்டனைப் பின்னுக்குத் தள்ளின. 1902இல் அமெரிக்க வங்கியாளர் ஜே.பி. மார்கனின் கூட்டு நிறுவனம் ஒயிட் ஸ்டார் என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தை வாங்கியது. எஞ்சியிருந்த பெரிய பிரிட்டிஷ் நிறுவனமான குனார்டும் கைமாறிவிடுமோ என்று லண்டன் அஞ்சியது.

1903இல் அரசுக்கும் குனார்டுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டு வேகக் கப்பல்களைக் கட்ட அரசு 26 லட்சம் பவுண்டைக் குறைந்த வட்டிக்குக் கடனாகக் கொடுத்தது. இரு கப்பல்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,50,000 பவுண்டு மானியமும் தந்தது. நிபந்தனை இரண்டு. கப்பல்கள் சராசரியாக 24.5 நாட் வேகத்தில் ஓட வேண்டும். போர் வந்தால் பீரங்கி பொருத்திக் கடற்படைக்குக் கொடுத்துவிட வேண்டும். (நாட் என்பது கடல் வேகத்தின் அலகு. ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் போனால் ஒரு நாட்.)

அந்தப் பணத்தில் பிறந்தவை லூசிட்டேனியாவும் மாரிட்டேனியாவும். மாரிட்டேனியாவை இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில், வால்செண்ட் என்ற ஊரில், ஸ்வான் ஹன்டர் நிறுவனம் கட்டியது. 1906 செப்டம்பர் 20 அன்று அது ஆற்றில் இறங்கியது. நீளம் 790 அடி. அதுவரை உலகில் அவ்வளவு பெரிய கப்பல் மிதந்ததில்லை.

அந்த நீளம் பிரம்மாண்டத்துக்காக வைத்த நீளம் அல்ல. வேகத்தின் ரகசியத்தில் பாதி அதில்தான் இருக்கிறது.

கப்பல் தனக்குத்தானே எழுப்பும் மேடு

ஓடும் கப்பலைத் தண்ணீர் இரண்டு வகையில் தடுக்கிறது. முதலாவது உராய்வு. கப்பலின் உடலை ஒட்டிய நீர் கூடவே இழுபட்டு வருகிறது. இரண்டாவது, அலை. கப்பலின் முன்முனையை மீனவர்கள் அணியம் என்பார்கள். அணியம் நீரைப் பிளக்கும்போது நீர் மேலெழுந்து அலையாகிறது. கப்பலின் பக்கவாட்டில் முகடும் பள்ளமுமாக அது தொடர்ந்து வருகிறது. அந்த அலைகளை எழுப்பும் ஆற்றல் முழுவதும் கப்பலின் எஞ்சினிலிருந்துதான் போக வேண்டும்.

இந்த அலைக்கு ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. கப்பல் எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் அலையும் கூட வர வேண்டும். ஆழ்கடலில் ஓர் அலையின் வேகத்தை முடிவு செய்வது அதன் அலைநீளம், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம். நீண்ட அலை வேகமாக ஓடும். குட்டை அலை மெதுவாக ஓடும். மணிக்கு 10 கிலோமீட்டரில் போகும் படகின் அலைநீளம் சுமார் 5 மீட்டர். வேகம் இரட்டித்து 20 ஆனால் அலைநீளம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு: 20 மீட்டர்.

இப்போது 20 மீட்டர் நீள விசைப்படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டரில் அதன் பக்கவாட்டில் நான்கு அலைகள் அடங்கும். 20 கிலோமீட்டரைத் தொட்டதும் ஒரே அலைதான். அணியத்தில் ஒரு முகடு, பின்முனையில் அடுத்த முகடு. அதற்கும் மேல் வேகம் கூட்டினால் அடுத்த முகடு படகுக்குப் பின்னால் நழுவிவிடும். பின்முனை பள்ளத்தில் இறங்க, அணியம் மேடேற, படகு தான் எழுப்பிய மேட்டின் மேல் தானே ஏறிக்கொண்டிருக்கும். எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் வேகம் கொஞ்சம்தான் கூடும். டீசல் மட்டும் கரையும். படகில் போகும் வாய்ப்புக் கிடைத்தால் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து முகடுகளை எண்ணிப் பாருங்கள். படகின் நீளம் தெரிந்தால், வேகமானி இல்லாமலே அதன் வேகத்தைச் சொல்லிவிடலாம்.

மாரிட்டேனியாவுக்கு இந்தக் கணக்கைப் போடுவோம். நீர்மட்டத்தில் அதன் நீளம் ஏறத்தாழ 232 மீட்டர். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் அது எழுப்பும் அலையின் நீளம் ஏறத்தாழ 115 மீட்டர். ஆக, அந்தச் சாதனை வேகத்திலும் அதன் பக்கவாட்டில் இரண்டு முழு அலைகள் இருந்தன. ஒரே அலை என்ற எல்லையை அது தொட வேண்டுமானால் மணிக்கு 68 கிலோமீட்டரில் ஓட வேண்டும். விசைப்படகுக்கு 20 கிலோமீட்டரில் எழும் சுவர், இந்தக் கப்பலுக்கு 68இல்தான் எழும். நீளமான கப்பல் வேகமாகப் போவதற்குக் காரணம் இதுதான்.

தொட்டிக்குள் ஒரு கடல்

இதைக் கண்டறிந்து சொன்னவர் வில்லியம் ஃபுரூடு என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870களின் தொடக்கத்தில், டார்க்கி என்ற கடற்கரை ஊரில் தன் வீட்டருகே ஒரு நீண்ட நீர்த்தொட்டியைக் கடற்படைக்காகக் கட்டி, மெழுகால் செய்த சிறிய கப்பல் மாதிரிகளை அதில் இழுத்துப் பார்த்தார். பொம்மைக் கப்பலை இழுத்து உண்மைக் கப்பலைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று அன்றைய நிபுணர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். சரியான வேகத்தில் இழுத்தால் முடியும் என்று ஃபுரூடு காட்டினார். மாதிரி 16 மடங்கு சிறியது என்றால் அதை 16 மடங்கு மெதுவாக அல்ல, 4 மடங்கு மெதுவாக இழுக்க வேண்டும். அப்போது மாதிரியின் பக்கவாட்டிலும் அதே எண்ணிக்கையில் அலைகள் நிற்கும்.

மாரிட்டேனியாவுக்கான மாதிரிகள் ஹாஸ்லர் என்ற இடத்தில் இருந்த கடற்படையின் தொட்டியில் சோதிக்கப்பட்டன. ஸ்வான் ஹன்டர் அத்தோடு நிற்கவில்லை. பதினாறில் ஒரு பங்கு அளவில், 47 அடிக்கு மேல் நீளமுள்ள மின்சாரப் படகு ஒன்றைச் செய்து, அருகில் இருந்த துறையில் ஓட்டிப் பார்த்தது. 25 நாட் கப்பலுக்காக அந்தப் படகு ஆறேகால் நாட்டில் ஓடியது. 32,000 டன் கொள்ளளவுள்ள கப்பலின் முதல் தகட்டை அறையும் முன்பே அதன் அலைகளை மனிதர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். எஞ்சினைவிட எனக்கு வியப்பூட்டுவது இந்த முன்னறிவுதான்.

நான்கரை மணி நேரத்தின் விலை

நீளம் கைகொடுத்தாலும் உராய்வு விடாது. வேகம் இரட்டித்தால் ஒவ்வொரு நொடியும் இரண்டு மடங்கு நீரைத் தள்ள வேண்டும். அதையும் இரண்டு மடங்கு வேகத்தில் தள்ள வேண்டும். ஆகவே தடை நான்கு மடங்காகிறது. அந்த நான்கு மடங்குத் தடைக்கு எதிராக ஒரே நொடியில் இரண்டு மடங்கு தூரம் போக வேண்டும் என்பதால், எஞ்சினின் திறன் எட்டு மடங்கு வேண்டும். அலையின் தடையையும் சேர்த்தால் விலை சில சமயம் இதற்கும் மேலே போகும். எட்டு மடங்கையே வைத்துக்கொள்வோம்.

1909 செப்டம்பரில் மாரிட்டேனியா அயர்லாந்துக் கரையிலிருந்து நியூயார்க் முகப்பு வரை 2,784 கடல் மைலை 4 நாள் 10 மணி 51 நிமிடத்தில் கடந்தது. சராசரி 26.06 நாட். முழு வேகத்தில் அது நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் நிலக்கரியை எரித்தது. அந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ 4,450 டன்.

அதே கப்பல் 13 நாட்டில் போயிருந்தால்? எட்டில் ஒரு பங்கு, நாளுக்கு 125 டன் போதும். பயணம் ஒன்பது நாளுக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். மொத்தக் கரி சுமார் 1,110 டன். சமையல், விளக்கு, வெந்நீர் ஆகியவற்றுக்கான கரியையும், குறைந்த வேகத்தில் எஞ்சின் சோர்வதையும் இந்தக் கணக்கில் விட்டுவிட்டேன். ஆனாலும் படம் தெளிவாகவே இருக்கிறது. பாதி நேரத்தில் போய்ச்சேர நான்கு மடங்கு கரி.

இதைவிடக் கூர்மையான கணக்கு ஒன்று உண்டு. 25 நாட்டில் போயிருந்தால் இந்தப் பயணம் நான்கரை மணி நேரம் மட்டுமே கூடியிருக்கும். சுமார் 355 டன் கரி மிச்சமாகியிருக்கும். கடைசி ஒரு நாட்டுக்காக, மிச்சம் பிடித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 70 டன்னுக்கு மேல் கரியைக் கொட்டியிருக்கிறார்கள்.

சாதனை 20 ஆண்டு நிலைத்ததற்கு முதல் காரணம் இந்தக் கணக்குதான். 1911இல் ஒயிட் ஸ்டார் கொண்டுவந்த ‘ஒலிம்பிக்’ மாரிட்டேனியாவைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியது. அது 21, 22 நாட்டோடு நின்றுகொண்டது. மெதுவாகப் போ, நிறையப் பேரை ஏற்று, வசதியாக வை என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. வியாபாரம் என்று பார்த்தால் அதுவே புத்திசாலித்தனம். குனார்டின் வேகத்துக்கு அரசின் மானியம் இருந்தது, ஒயிட் ஸ்டாருக்கு அப்படி ஒன்று இல்லை.

முன்பின் ஆட்டமும் சுழற்சியும்

மாரிட்டேனியாவின் வேகத்துக்கு 68,000 குதிரைத்திறன் வேண்டியிருந்தது. அன்றைய நீராவி எஞ்சின்களில் உலக்கை போன்ற பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வந்தன. ஒவ்வொரு முறையும் பல டன் இரும்பை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்ப வேண்டும். ஜெர்மனியின் வேகக் கப்பலான ‘டாய்ச்லான்ட்’ முழு வேகத்தில் அதிர்ந்த அதிர்வு பயணிகளைப் படாதபாடு படுத்தியது.

பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் வேறு வழியைக் கண்டிருந்தார். அவருடைய டர்பைனில் நீராவி வரிசை வரிசையான சிறு இதழ்களின் ஊடே பாய்ந்து ஒரு தண்டைச் சுழற்றும். அம்மியில் குழவியை முன்னும் பின்னும் இழுப்பதற்கும் ஆட்டுக்கல்லைச் சுற்றுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில், 103 அடி நீள ‘டர்பினியா’ என்ற தன் படகை அவர் போர்க்கப்பல்களின் வரிசைகளுக்கு நடுவே அழைப்பில்லாமல் ஓட்டிக் காட்டினார். 34 நாட் வரை போன அதைக் கடற்படையின் காவல் படகுகளால் பிடிக்க முடியவில்லை. (அந்த நீளத்துக்கு அலைச்சுவர் 14 நாட்டுக்கு அருகிலேயே எழும். ஒன்பது அடி அகலமும் 44 டன் எடையும் மட்டுமே கொண்ட ஒல்லியான உடலும், அதற்குள் திணித்த 2,000 குதிரைத்திறனும் சேர்ந்து அந்தச் சுவரைத் தாண்டின. பயணிகள் கப்பலுக்கு அந்த வழி கிடையாது.)

குனார்டு கண்ணை மூடிக்கொண்டு பார்சன்ஸை நம்பிவிடவில்லை. ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு கப்பல்களைக் கட்டி, ‘கரோனியா’வில் பழைய எஞ்சினையும் ‘கார்மேனியா’வில் டர்பைனையும் பூட்டி 1905இல் ஓட்டிப் பார்த்தது. டர்பைன் கப்பல் வேகத்திலும் சிக்கனத்திலும் முந்தியது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துச் சோதிப்பது ஆய்வுக்கூட முறை. அதைக் கடலில், முழு அளவுக் கப்பல்களைக் கொண்டு செய்த நிறுவனங்கள் வேறு அதிகம் இல்லை.

ஒரு சிக்கல் தீராமல் இருந்தது. டர்பைனுக்கு வேகமாகச் சுழல்வதே நல்லது. புரொப்பல்லருக்கோ மெதுவாகச் சுழல்வதே நல்லது. மிக வேகமாகச் சுற்றினால் அதன் இதழ்களுக்குப் பின்னால் நீர் ஒட்டாமல் வெற்றிடக் குமிழிகள் உண்டாகி உந்துதல் வீணாகும். மாரிட்டேனியாவில் இரண்டும் ஒரே தண்டில் நேராக இணைந்திருந்தன. ஆகவே நிமிடத்துக்குச் சுமார் 180 சுற்று என்ற நடுவழியில் இரண்டையும் ஓட்டினார்கள். நான்கு தண்டு, நான்கு புரொப்பல்லர். 1909இல் மூன்று இதழ்களுக்குப் பதிலாக நான்கு இதழ் புரொப்பல்லர்களைப் பொருத்திய பிறகே அந்தச் சாதனை கைகூடியது.

அடித்தளத்தில் இருந்தவர்கள்

நீராவி எங்கிருந்து வந்தது? 25 கொதிகலன்கள், 192 அடுப்புகள். நாளுக்கு 1,000 டன் என்றால் ஒவ்வோர் அடுப்புக்கும் ஐந்து டன்னுக்கு மேல். அதை மனிதர்கள் மண்வாரியால் வாரிப் போட்டார்கள். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மீண்டும் நான்கு மணி நேரம் என்பது முறை. ஒருவர் மூன்று அடுப்பைப் பார்த்துக்கொண்டார் என்று கொண்டாலும், ஒரு முறைக்கு இரண்டரை டன் கரியை அவர் கையால் எடுத்து வீசியிருக்க வேண்டும். வீசுவதோடு வேலை முடியாது. எரியும் கரியை நீண்ட கம்பியால் கிளறிவிட வேண்டும். கட்டிதட்டிய கசடை உடைத்து இழுக்க வேண்டும். சாம்பலை அகற்ற வேண்டும். கரிக்கிடங்கின் இருட்டிலிருந்து தள்ளுவண்டியில் கரியைக் கொண்டுவந்து கொட்ட இன்னொரு கூட்டம். கப்பல் ஆடும்போதும் இதே வேலைதான்.

எஞ்சின் பகுதியில் மட்டும் 300க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கப்பலின் சாதனையைக் கேப்டன் பெயரிலும் பார்சன்ஸ் பெயரிலும் எழுதுகிறோம். 26ஆவது நாட்டைக் கடலிடமிருந்து வாங்கித் தந்தது இவர்களுடைய முதுகு. எட்டு மடங்கு என்ற விதியைத் தங்கள் உடம்பில் உணர்ந்தவர்கள் இவர்களே.

போருக்கு உதவாத வேகம்

1914இல் போர் வந்ததும் ஒப்பந்தத்தின் இரண்டாவது நிபந்தனை நினைவுக்கு வந்தது. பீரங்கி பொருத்திப் போர்க்கப்பலாக்கலாமா என்று பார்த்தார்கள். கரிப் பசி அதைக் கெடுத்தது. நாளுக்கு ஆயிரம் டன் தின்னும் கப்பலை வைத்துக்கொண்டு கடலில் வாரக்கணக்கில் ரோந்து போக முடியாது. எந்த வேகத்துக்காக அரசு கடன் கொடுத்ததோ, அதே வேகம் அந்தக் கப்பலை அந்த வேலைக்குத் தகுதியில்லாததாக ஆக்கிவிட்டது.

சகோதரிக் கப்பலான லூசிட்டேனியாவை 1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. 18 நிமிடத்தில் அது மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். மாரிட்டேனியா படைவீரர்களை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோனது. பிறகு மருத்துவக் கப்பலானது. 1918இல் அமெரிக்கப் படைகளை ஐரோப்பாவுக்குச் சுமந்தது. இந்தக் குறுகிய ஓட்டங்களில் வேகம் அதற்குக் காப்பாக இருந்தது. நீருக்கடியில் ஊர்ந்துவரும் நீர்மூழ்கியால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

எண்ணெய் வந்தது

1921இல் சவுதாம்ப்டனில் நின்றிருந்தபோது கப்பலில் தீப்பிடித்தது. பழுதுபார்க்க அது பிறந்த இடமான டைன் ஆற்றுக்கே அனுப்பினார்கள். கரியை எடுத்துவிட்டு எண்ணெய் எரிக்கும் அமைப்பை அப்போதுதான் பொருத்தினார்கள்.

ஒரே எடையுள்ள கரியைவிட எண்ணெய் கூடுதல் வெப்பம் தரும். அதைவிட முக்கியமானது வேறொன்று. கரி அடுப்பின் கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர்ந்த காற்று உள்ளே புகும். கசடை இழுக்கும் நேரத்தில் தீ அடங்கும். நீராவியின் அழுத்தம் ஏறி இறங்கும். எண்ணெய்த் தீ ஒரே சீராக எரியும். மண்வாரிகளும் தள்ளுவண்டிகளும் போயின. அவற்றோடு அடித்தளத்து ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கப்பலில் வேலையும் போயிற்று.

பிரெமனின் குமிழ்

1929 ஜூலையில் ஜெர்மனியின் ‘பிரெமன்’ தன் முதல் பயணத்திலேயே 27.83 நாட்டில் வந்து சாதனையைப் பறித்தது. அது வெறும் குதிரைத்திறனால் கிடைத்த வெற்றி அல்ல. மாரிட்டேனியாவைக் கட்டியபோது தீராமல் விட்ட இரண்டு சிக்கல்களுக்கு பிரெமன் விடை வைத்திருந்தது.

முதல் விடை பற்சக்கரம். டர்பைனுக்கும் புரொப்பல்லருக்கும் இடையே பற்சக்கரங்களை வைத்ததால் டர்பைன் அதற்குப் பிடித்த வேகத்திலும் புரொப்பல்லர் அதற்குப் பிடித்த வேகத்திலும் சுழன்றன. இரண்டாவது விடை நீருக்கடியில் இருந்தது. பிரெமனின் அணியத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு குமிழ் புடைத்துக்கொண்டிருந்தது. பார்த்தால் அது தடையைக் கூட்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் குமிழும் ஓர் அலையை எழுப்புகிறது. சரியான இடத்தில் குமிழை வைத்தால், அணியம் முகடு எழுப்பும் இடத்தில் குமிழின் அலை பள்ளமாக விழும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இன்று ஓடும் பெரிய சரக்குக் கப்பல்கள் பலவற்றில் இந்தக் குமிழைப் பார்க்கலாம்.

மாரிட்டேனியா விட்டுக்கொடுக்கவில்லை. 1929 ஆகஸ்டில், 22 வயதில், கிழக்கு நோக்கிய பயணம் ஒன்றில் 27.22 நாட்டை எட்டியது. பிரெமனை முந்தவில்லை. ஆனால் 1909இன் தன் சாதனையை ஒரு நாட்டுக்கு மேல் முந்தியது. அதாவது, இளமையில் தந்ததைவிட ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதல் திறனை அந்தக் கப்பல் முதுமையில் தந்தது. நல்ல உடலமைப்பு, சீரான எண்ணெய்த் தீ, ஆண்டுக்கணக்காக அதோடு பழகிய பொறியாளர்கள் மூன்றும் சேர்ந்ததன் பலன் அது.

கடைசி ஆண்டுகள்

பொருளாதார மந்தம் பயணிகளைக் குறைத்தது. 1924இன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஏற்கெனவே மூன்றாம் வகுப்பைக் காலியாக்கியிருந்தது. கப்பல்களுக்கு நிலையான வருவாய் தந்தவர்கள் அந்த ஏழைக் குடியேறிகள்தான். 1933இல் மாரிட்டேனியாவுக்கு வெள்ளைச் சாயம் பூசி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு உல்லாசப் பயணம் விட்டார்கள்.

1934 செப்டம்பர் 26 அன்று அது நியூயார்க்கிலிருந்து கடைசி அட்லாண்டிக் பயணத்தைத் தொடங்கியது. அதே நாள் ஸ்காட்லாந்தில் ‘குயின் மேரி’ என்ற புதிய கப்பல் ஆற்றில் இறங்கியது. 1935 ஜூலையில் உடைப்பதற்காக மாரிட்டேனியா ஸ்காட்லாந்தின் ராசித் துறைக்குப் போனபோது, ஃபோர்த் பாலத்தின் கீழ் நுழைவதற்கு வசதியாக அதன் பாய்மரக் கம்பங்களை முன்பே வெட்டிக் குறைத்திருந்தார்கள்.

1952இல் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற கப்பல் 35 நாட்டுக்கு மேல் சராசரி வேகத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தது. அதன்பின் வழக்கமான பயணிகள் கப்பல் எதுவும் அதை முந்தவில்லை. அவசரமாகப் போக வேண்டியவர்கள் விமானத்துக்கு மாறிவிட்டார்கள். சரக்குக்கு அவசரம் இல்லை. எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் கப்பல் நிறுவனங்கள் இன்றும் முதலில் குறைப்பது வேகத்தைத்தான். இரண்டு நாட் குறைத்தாலே கணிசமான எண்ணெய் மிச்சமாகும்.

மாரிட்டேனியா உடைபட்டுப் போனாலும், அதற்கு வழிகாட்டிய டர்பினியா முழுதாக இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் டிஸ்கவரி அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.